மாசாணியம்மாளின் நெற்றித் தழும்பு

சோமனூரில் விசைத்தறிக்குத் தார் சுற்றும் மாசாணியம்மாளின் வாழ்க்கை ஒரு புத்தகத்தில் வந்திருக்கிறது. அதில் சரியாக இருப்பவை அவர் பெயரும் ஊரும்தான். மற்றதை நான் இங்கே எழுதுகிறேன்.

அவர் அன்னூர்ப் பக்கம் தோட்டக் கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவர். சோமனூரில் தறி ஓட்டிய நஞ்சப்பனுக்கு வாழ்க்கைப்பட்டு, அதே தறிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். தறியில் இழைகளுக்குக் குறுக்கே பாய்ந்து ஓடும் மரக்கட்டைக்கு நாடா என்று பெயர்; அதற்குள் வைக்கும் நூல்கட்டைதான் தார். ஒருநாள் மதியம் பக்கத்துத் தறியின் நாடா கழன்று பறந்து வந்து அவர் நெற்றியைப் பிளந்தது. நஞ்சப்பன் தன் தறியை நிறுத்தக்கூட இல்லை. துண்டை நெற்றியில் வைத்துக் கட்டி, சைக்கிளில் உட்காரவைத்துக் கருமத்தம்பட்டி ஆஸ்பத்திரிக்கு மிதித்தார். ஆளில்லாமல் ஓடிய தறியில் துணி பாழானது. முதலாளி திட்டியபோது நஞ்சப்பன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

நஞ்சப்பன் குடிக்கவே மாட்டார் என்று எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும். நோம்பி பண்டிகைக்கும் சொந்தக்காரர் கல்யாணத்துக்கும் குடிப்பார். குடித்தால் தூங்கிவிடுவார். தறிச் சத்தத்தில் காது மந்தமாகிப் போனதால் வீட்டிலும் உரக்கத்தான் பேசுவார். உப்புப் பத்தவில்லை என்று அவர் சொன்னால் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். கோபம் வந்தால் சாப்பிடாமல் படுத்துக்கொள்வார். மாசாணியம்மாளும் சளைத்தவர் அல்ல. கணவரின் தட்டுச் சோற்றை ஆட்டுக்கு வைத்துவிட்டு, தான் மட்டும் சாப்பிட்டுப் படுப்பார். அந்த வீட்டில் நடந்த சண்டைகள் இவ்வளவுதான். இரண்டு வருடம் முன்பு நஞ்சப்பன் மாரடைப்பில் இறந்தார்.

இப்படி ஒரு வாழ்க்கையை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? நான் கிளை நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பிறர் வாழ்க்கையைச் சொல்லும் புத்தகங்கள் திரும்பி வரும்போது பக்கம் பக்கமாகப் புரட்டிச் சரிபார்ப்பேன். அடி, பசி, அவமானம் வரும் பக்கங்களில் விரல் எண்ணெய் படிந்திருக்கும், சில இடங்களில் முறுக்குத் தூள்கூட ஒட்டியிருக்கும். அந்த மனிதர் வேலைக்குப் போய், சமைத்து, சும்மா இருந்த பக்கங்கள் அச்சகத்திலிருந்து வந்த மாதிரியே இருக்கும். அந்த எண்ணெயைத் துடைக்கும்போதெல்லாம் எனக்குக் கை கூசும்.

புத்தகம் போட்டவன் வம்சி. கோவையில் மில் வைத்திருக்கும் குடும்பத்துப் பையன். நிஜ மனிதர்களின் கதை என்று இணையத்தில் எழுதிவந்தவன், படம் எடுக்க சைத்ரா என்ற பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஒரு காலை நேரத்தில் மாசாணியம்மாள் வீட்டுக்கு வந்தான். அவர் காப்பி போட்டுக் கொடுத்தார்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு வந்து, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறவரை முகத்துக்கு நேராக மறுக்கமாட்டோம். அவர் என்ன சொன்னாலும் "ஆமாங்க" என்போம். இது வம்சிக்குத் தெரியாததல்ல, அவனும் இங்கேயே பிறந்து வளர்ந்தவன்தான். தழும்பைப் பார்த்துவிட்டு, தறிக்காரர் வீடுகளில் குடியும் அடியும் இருப்பதுதானே என்றான். ஆமாங்க என்றார். நிறையப் பொறுத்துக்கொண்டிருப்பீர்கள் என்றான். அதற்கும் ஆமாங்க. காப்பி குடித்து முடித்த பிறகு அவர் நாடா பறந்து வந்த கதையைச் சொல்லியிருக்கிறார். அப்போது வம்சி கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தானாம்.

புத்தகத்தில் நஞ்சப்பன் குடித்துவிட்டு வந்து, தறிக்கட்டையால் மனைவியின் நெற்றியைப் பிளக்கிறார்.

மகள் கயல்விழி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி அலுவலகத்தில் வேலை செய்கிறாள், அங்கேயே விடுதியில் தங்கியிருக்கிறாள். உடன் வேலை செய்யும் பெண் ஒருத்தி அதைப் படித்துவிட்டு, இவளைக் கட்டிப்பிடித்து அழுதிருக்கிறாள். கயல்விழி அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"எங்கப்பன் எந்திரிச்சு வந்து இல்லீன்னு சொல்ல மாட்டாருன்னுதானே சொல்லிப்போட்டே?"

அதோடு வைத்துவிட்டாள். பிறகு அம்மா எத்தனை முறை அழைத்தாலும் எடுக்கவில்லை. மாசாணியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. புத்தகத்தை என்னிடம் கொண்டுவந்து முழுக்கப் படித்துக்காட்டச் சொன்னார். கேட்டுவிட்டு, புத்தகத்தை வாங்கி மடியில் கவிழ்த்து வைத்தார்.

"ஆமாங்கறது ஒரு பதிலுங்களா சார்? வந்தவிய பேசறாங்க, நாம கேட்டுட்டு இருக்கறோமுன்னு சொல்றதுதானுங்களே. இந்தப் புள்ள இனி எம் மூஞ்சில முழிக்குமுங்களா?"

இருவரும் பேருந்து ஏறி வம்சியின் அலுவலகத்துக்குப் போனோம். மரியாதைக்குக் குறைவில்லை. நாற்காலி போட்டான், டீ வரவழைத்தான். நான் நடந்ததைச் சொல்லித் திருத்தக் கேட்டேன்.

"தாத்தா, அந்தப் பக்கத்தைத்தானுங்க எல்லாரும் படிக்கறாங்க. நாடா பறந்து வந்து அடிச்சுதுன்னு போட்டா அது விபத்துச் செய்திங்க. வாழ்க்கை இல்லீங்க."

பையன் சிரித்துக்கொண்டே சொன்னான். நான் டீயைத் தொடாமல் தள்ளி வைத்தேன். புத்தக அறிமுக விழா மேடையில் மாசாணியம்மாளே பேசட்டும், தான் தடுக்கப்போவதில்லை என்றும் சொன்னான். மாசாணியம்மாள் ஒத்துக்கொண்டார். கயல்விழிக்கு நான் போன் செய்து, உங்கம்மா பேசுவதை வந்து ஒருமுறை கேட்டுவிட்டுப் போ அம்மணி, அதற்குமேல் உன் விருப்பம் என்றேன். வருவதாகவும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

கோவையில் குளிரூட்டிய அரங்கம். நல்ல படிப்பும் வசதியும் உள்ள கூட்டம். சைத்ரா மேடையேறி அந்த அடி விழும் பக்கத்தை நிறுத்தி நிறுத்திப் படித்தாள். முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆண்கள் பெருமூச்சு விட்டார்கள். இலைச் சாப்பாட்டில் பாயசம் வரும்போது பந்தியில் ஒரு முகம் தெரியுமே, அதே முகம்தான் வரிசை வரிசையாகத் தெரிந்தது.

மாசாணியம்மாளுக்குப் பொன்னாடை போர்த்தி மைக்கைக் கொடுத்தார்கள். அவர் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"என்ற ஊட்டுக்காரரு என்னெ ஒருநாளும் கை நீட்டி அடிச்சதில்லீங்க. இது நாடா பட்ட காயமுங்க. அவருதான் ரத்தத்தோட சைக்கிள்ல வெச்சுக் கூட்டிட்டுப் போனாரு. புத்தகத்துல இருக்கறது பொய்யிங்க."

அரங்கத்தில் எல்லாரும் கை தட்டினார்கள். எழுந்து நின்று தட்டினார்கள். அடித்தவரை இறந்த பிறகும் விட்டுக்கொடுக்காத மனசு இது என்று வம்சி மைக்கில் சொன்னான். தட்டல் இன்னும் கூடியது. மாசாணியம்மாள் "இல்லீங்க, இல்லீங்க" என்று சொல்வது உதட்டில்தான் தெரிந்தது.

கயல்விழி கடைசி வரிசையிலிருந்து எழுந்து வந்தாள். அவள் வந்திருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மேடையேறி, அம்மாவின் தோளிலிருந்து பொன்னாடையை எடுத்து நாற்காலியில் போட்டாள். "வாம்மா, போலாம். எனக்குக் கேட்டுது," என்றாள். மாசாணியம்மாள் மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். இருவரும் யாரையும் பார்க்காமல் வெளியே போனார்கள். அதையும் கைபேசிகளில் படம் பிடித்தார்கள்.

நான் அவர்கள் பின்னால் போக எழுந்தேன். புத்தகம் வாங்க நின்ற வரிசை வாசலை மறித்துக்கொண்டிருந்தது. பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண்மணி என் கையைத் தொட்டு நிறுத்தினார். அவர் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்திருந்தார், கண்ணில் இன்னும் ஈரம் இருந்தது.

"நீங்க அவங்களுக்குத் தெரிஞ்சவருங்களா? அந்தப் புள்ளையையும் அடிச்சிருப்பாருங்களா?"

ஆமாம் என்று நான் சொல்லவேண்டும் என்ற ஆசை அந்த முகத்தில் அப்படியே தெரிந்தது. கையை உதறிக்கொண்டு வெளியே வந்தேன்.