கடை இல்லாத ரோடு

முதல்ல எல்லா சாமிமார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கிறேன். என் கையெழுத்து நல்லா இருக்காது. நான் அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சேன். மில்லுல கையெழுத்துப் போடுறதைத் தவிர பேனா பிடிச்சு வருஷக்கணக்காச்சு. எழுத்துப் பிழை இருந்தா வாசிக்கிற சாமி திருத்தி வாசிச்சுக்கணும்.

போன தை மாச ஐயப்ப பூஜையில குருசாமி என்னை எந்திரிச்சுப் பேசச் சொன்னார். நான் பின்வாசல் வழியா வீட்டுக்குப் போயிட்டேன். நாலு பேர் என்னைப் பார்த்தாலே எனக்கு நாக்கு எழும்பாது. அதனால எழுதித் தாரேன்.

என் பேர் கணேசன். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துல வீடு. ராஜபாளையத்துல ஒரு நூல் மில்லுல வேலை. இருபத்திரண்டு வருஷமா தினமும் சைக்கிள்லதான் போயிட்டு வாறேன்.

நான் குடிகாரன். இதை எழுத எனக்கு ரெண்டு நாள் ஆச்சு.

எட்டு வருஷம் ஐயப்பனுக்கு மாலை போட்டேன். மாலை கழுத்துல இருக்கிற வரைக்கும் ஒரு சொட்டு தொட்டது கிடையாது. எட்டு வருஷமும் மாலை கழட்டின அன்னைக்கே குடிச்சேன். மலையில இருந்து வேன் திரும்பி வரும்போது ஆரியங்காவு கணவாய் தாண்டி இறங்கும். செங்கோட்டைக்கு முன்னால ஒரு கோவில்ல தேங்காய் உடைச்சு மாலையைக் கழட்டுவோம். கொஞ்ச தூரத்துல பிராந்திக் கடை. முத்துராஜ் அண்ணாச்சி என் கையைப் பிடிச்சு இழுப்பார். அவர் மில்லுல என்கூட வேலை பார்க்கிறவர், நல்ல மனுஷர். எனக்கு வேண்டாம்னு சொல்ல வராது. சின்ன வயசுல இருந்தே அந்தக் கூச்சம் இருக்கு. குடிச்ச பிறகு அந்தக் கூச்சம் இருக்காது. அதுதான் எனக்கு ருசி.

போன வருஷம் ஐப்பசியில ரத்த வாந்தி எடுத்தேன். ஆஸ்பத்திரியில ஒம்பது நாள். ஈரல் கெட்டுப்போச்சு, இனி ஒரு தடவை தொட்டாலும் என்னால காப்பாத்த முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். வீட்டுக்கு வந்தப்போ கார்த்திகை பிறக்கப் போகுது. என் மனைவி பேச்சியம்மாள் என் முன்னால உக்காந்தா.

"இந்த வருஷம் மாலை போடாதீங்க."

"ஏன்?"

"போட்டாத்தானே கழட்டுவீங்க. அந்த நாளை நான் எப்படிப் பார்ப்பேன்?"

அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல. விடிஞ்சதும் வைத்தியநாத சாமி கோவில்ல போய் நின்னேன். எனக்குப் பெரிய மந்திரம் எதுவும் தெரியாது. கடை இல்லாத ரோட்டைக் காட்டுன்னு மட்டும் கேட்டேன். அதையே தினமும் கேட்டேன்.

கேட்டுக்கிட்டே இருந்தப்போ ஒரு எண்ணம் வந்துச்சு. வேன்ல போனாத்தானே அந்தக் கடையில நிக்கணும்? சைக்கிள்ல போவோம். ஆரியங்காவு வழியாப் போய், வேற கணவாய் வழியாத் திரும்புவோம். குமுளியில இறங்கி, கம்பம் பள்ளத்தாக்கு, தேனி, ஆண்டிபட்டிக் கணவாய், பேரையூர், வத்திராயிருப்பு வந்து ஊர் சேருவோம். மாலையை வீட்டுல வந்துதான் கழட்டணும்.

குருசாமிகிட்ட சொன்னேன். "கியர் இல்லாத சைக்கிள்ல மலை ஏறணும் சாமி, முட்டி தாங்குமா?"ன்னு கேட்டார். தாங்கும்னு சொல்லி மாலை போட்டுக்கிட்டேன்.

விஷயம் முத்துராஜ் அண்ணாச்சிக்குத் தெரிஞ்சுபோச்சு. மில் வாசல்ல எல்லார் முன்னாலயும் சிரிச்சார். "ஏ சாமி, தமிழ்நாட்டுல கடை இல்லாத ரோடா? அப்படி ஒண்ணு இருந்தா நானும் பாக்கணும்லா. நானும் வாறேன்." சொன்னபடியே சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுக்கிட்டு வந்துட்டார். வராதீங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

மார்கழி அஞ்சாம் தேதி இருமுடியைக் கேரியர்ல சைக்கிள் டியூப் போட்டுக் கட்டிக் கிளம்பினோம். புளியரை தாண்டி ஏத்தம் ஆரம்பிச்சது. பெடல் மிதிக்க முடியல. அப்பதான் ஒரு வழி பிடிச்சேன். உச்சியைப் பார்க்கிறதே இல்லை. அடுத்த கிலோமீட்டர் கல்லை மட்டும் பார்க்கிறது. கல்லு வந்ததும் ஒரு சரணம் சொல்றது. பிறகு அடுத்த கல்லு. அப்படியே ஆரியங்காவு ஏறி, தென்மலைக்கு இறங்கினோம். ரோட்டுக்குப் பக்கத்துலயே ஆறு பாறை மேல விழுந்து எங்ககூட வந்துச்சு.

ஒம்பதாம் தேதி பதினெட்டாம்படி ஏறி சாமியைப் பார்த்தேன். கும்பிட்ட கையோட அங்கேயும் அதே ரோட்டைத்தான் கேட்டேன்.

திரும்பும்போது முண்டக்கயத்துல இருந்து குட்டிக்கானம் வரைக்கும் ஏறினதை வாழ்நாளுக்கும் மறக்க மாட்டேன். பாதி தூரம் தள்ளிக்கிட்டேதான் வந்தோம். பன்னிரண்டாம் தேதி காலையில குமுளி. அங்கே ஒரு கோவில்ல முத்துராஜ் அண்ணாச்சி தேங்காய் உடைச்சு மாலையைக் கழட்டிட்டார். அந்த நிமிஷமே 'சாமி' போய் 'ஏலே' வந்திருச்சு.

"ஏலே கணேசா, நீயும் கழட்டு."

"நான் வீட்டுலதான் கழட்டுவேன்."

குமுளி இறக்கம் கொண்டை ஊசி வளைவு. ரெண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடிச்சு, ஹேண்டில் மேல குனிஞ்சு இறங்கினேன். புழுக்கத்துக்குச் சட்டைப் பொத்தானைத் திறந்து விட்டிருந்தேன். மாலை வெளியே தொங்கினதை நான் கவனிக்கல. ஒரு வளைவுல லாரிக்கு ஒதுங்கி நிமிர்ந்தேன். மாலை பெல்லுல மாட்டி அத்துப்போச்சு. துளசி மணி எல்லாம் ரோட்டுல உருண்டு ஓடுது. சைக்கிளைப் போட்டுட்டு முட்டி போட்டுப் பொறுக்கினேன். எனக்கு அழுகை வந்திருச்சு. கிடைச்சதைத் துண்டுல முடிஞ்சேன். கழுத்து வெறுங்கழுத்து.

கம்பத்துல அண்ணாச்சி ஒரு கடைக்குள்ள போனார். நான் வெளியே நின்னேன். ஒரு பிளாஸ்டிக் டம்ளரோட வந்து என் கையில வச்சார்.

"ஏலே, நீயா கழட்டல. அதுவா அத்துப்போச்சு. சாமியே விட்டுட்டாருன்னு அர்த்தம். குடி."

வாசனை மூக்குல ஏறுச்சு. எட்டு வருஷமும் இந்த மாதிரி நேரத்துல நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு வாங்கிக் குடிச்சவன்.

"வேண்டாம் அண்ணாச்சி"ன்னு சொன்னேன். என் சத்தம் எனக்கே புதுசா இருந்துச்சு. டம்ளரைத் திண்டுல வச்சுட்டுச் சைக்கிளை எடுத்துட்டேன்.

இதோட முடிஞ்சதுன்னு எழுதினா அது பொய். ஒரு கல்லு தாண்டினேன், ரெண்டு கல்லு தாண்டினேன். ரெண்டு பக்கமும் பச்சை நெல்லு, வாய்க்கால்ல முல்லைப் பெரியாறு தண்ணி. எதுவும் கண்ணுல படல. அந்த டம்ளர் மட்டும் தெரியுது. ஆறாவது கல்லுல சைக்கிளைத் திருப்பிட்டேன். உள்ளதைச் சொல்லணும். திரும்பிக் கடையைப் பார்த்துத்தான் மிதிச்சேன். மிதிச்சுக்கிட்டே சாமிகிட்ட கத்தினேன். "கடை இல்லாத ரோடு கேட்டேன், நீ காட்டல. என்னால ஆகாது. இனி நீயே வந்து மறி!"

ஒரு கல்லு தூரம்கூடப் போகல. எதுத்தாப்புல அண்ணாச்சி வாறார். சைக்கிள் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் போகுது. உரக்கச் சரணம் சொல்லிக்கிட்டே வந்தவர், என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். அப்படியே சைக்கிளோட வாய்க்காலுக்குள்ள போயிட்டார்.

குதிச்சுத் தூக்கினேன். இடுப்பளவு தண்ணிதான், ஆனா குப்புற விழுந்திருந்தார். மூக்கு வாயெல்லாம் சகதி. ரெண்டு நிமிஷம் தாமதிச்சிருந்தா ஆள் கிடையாது. கரையில சாய்ச்சு வச்சுத் துடைச்சு விட்டேன். கண்ணைத் திறந்தவர் என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு அழுதார்.

"இதான்டே கடைசி. சத்தியமா இதான் கடைசி. வீட்டுல சொல்லிராதடே."

ஒவ்வொரு வருஷமும் மாலை கழட்டிட்டு வந்த மறுநாள், நான் போதையில என்ன சொன்னேன்னு பேச்சி எனக்குச் சொல்லுவா. இதே வார்த்தைதான். நான் ஒரு நாளும் நம்பினதில்லை, அவ கூட்டிச் சொல்றான்னு நினைப்பேன். இத்தனை வருஷத்துல நான் குடிக்காம இருந்து குடிச்ச ஒருத்தரைப் பக்கத்துல பார்த்தது அன்னைக்குத்தான். அவ எட்டு வருஷம் என்னத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தான்னு எனக்கு அந்த வாய்க்கால் கரையிலதான் தெரிஞ்சது.

வந்து மறின்னு கேட்டேன். மறிச்சிட்டார். அவர் அனுப்பின ஆள் குடிச்சிருந்தார், அவ்வளவுதான்.

அவரைத் தோள்ல தாங்கி நிழல்ல உக்கார வச்சுட்டு, ரெண்டு சைக்கிளையும் ஒவ்வொண்ணாத் தள்ளிக் கொண்டுவந்தேன். சாயங்காலம் வரைக்கும் பக்கத்துலயே இருந்தேன். அந்த டம்ளர் ஞாபகம் பிறகு வரல. மறுநாள் ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது அவரே கேட்டார்.

"ஏலே, நேத்து நீ எதுக்குத் திரும்பி வந்த? என்னைத் தேடியா?"

"கடையைத் தேடி வந்தேன் அண்ணாச்சி."

சிரிப்பார்னு நினைச்சேன். சிரிக்கல. உச்சி வரைக்கும் தலை நிமிராம மிதிச்சார்.

வழியெல்லாம் கடை இருந்துச்சு. உசிலம்பட்டியில இருந்துச்சு, பேரையூர்ல இருந்துச்சு. ஒவ்வொண்ணையும் கல்லு மாதிரி தாண்டினேன். வத்திராயிருப்பு, சுந்தரபாண்டியம் கடந்து, பதினஞ்சாம் தேதி மத்தியானம் வீட்டு வாசல்ல சைக்கிளை நிறுத்தினேன். பேச்சி உள்ளே இருந்து வரல. எந்த வருஷமும் வரமாட்டா. நானே போய் அவ முன்னால நின்னு, வாயைத் திறந்து ஊதினேன்.

அவ என் கழுத்தைப் பார்த்தா. மாலை எங்கேன்னு கேட்டா. துண்டை அவிழ்த்துக் காட்டினேன். அதை வாங்கிக்கிட்டுப் போய் பூஜை மாடத்துக்கு முன்னால உக்காந்து ஊசி நூல் எடுத்தா. ஒவ்வொரு மணியாக் கோர்த்து முடிக்கிற வரைக்கும் அழுதுக்கிட்டே இருந்தா.

அன்னையில இருந்து இன்னைக்கு வரைக்கும் நான் தொடல. டாக்டர் என் ரத்த டெஸ்ட் சீட்டைப் பார்த்துட்டு, இப்படியே இருன்னு சொன்னார்.

இன்னைக்கு அதே மாலையைப் போட்டிருக்கேன். மணியில எட்டு குறையுது, குமுளி ரோட்டுலதான் கிடக்கும். மாலை போடும்போது முத்துராஜ் அண்ணாச்சி பக்கத்துல நின்னார். அவர் இன்னும் குடியை விடல. என் காதுல வந்து, "சாமி, இந்தத் தடவை எனக்கும் சேத்து நீயே வேண்டாம்னு சொல்லிரு"ன்னார். சொல்றேன்னு சொல்லியிருக்கேன்.

சாமிமார்களே, மாலை கழட்டுற நாளை நினைச்சு உங்கள்ல யாராவது மனசுக்குள்ள பயந்துக்கிட்டு இருந்தா, சாமியை நம்பிக் கேளுங்க. கேட்டது கேட்டபடி வராது, ஆனா வரும். அதுக்குப் பிறகும் பயமா இருந்தா மடவார் வளாகத்துல என் வீட்டுக்கு வாங்க. எனக்கு அதிகம் பேச வராது. கூடவே சைக்கிள்ல வருவேன்.

கார்த்திகை 1, சாயங்காலம்.