ஸ்பிரிங் தொட்டில் இல்லாத இடம்

பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆரிஃபா அக்கா, மெர்சிங்குக்குக் குடிபோகிறேன் என்று சொன்ன அன்று பிரவீனா அழவில்லை. அழுவதென்றால் கொஞ்சம் உட்கார வேண்டும். அவளோ தொழிற்சாலையிலிருந்து நேரே வந்து, பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மறுகையில் பால்புட்டிப் பையோடு வாசலில் நின்றபடிதான் அதைக் கேட்டாள். அக்காவின் மகன் சயீத் மெர்சிங் படகுத்துறைப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையை எடுத்திருந்தான். அடுப்படியில் நம்பிக்கையான ஆள் வேண்டுமாம். இந்த வாரத்தோடு கிளம்பிவிடுவதாகச் சொன்னார்.

“முன்னாடியே சொல்லணும்னுதான் இருந்தேன்மா. உன் மூஞ்சியப் பாத்தா சொல்ல வாய் வரல.”

பரவாயில்லை அக்கா என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். பிள்ளைக்குச் சோறு ஊட்டினாள், குளிப்பாட்டினாள், தொட்டிலில் போட்டு ஆட்டினாள். ஆட்டும்போதுதான் இனி யார் இந்தத் தொட்டிலை ஆட்டுவார்கள் என்ற கேள்வி வந்தது. அதற்குப் பிறகு அது போகவேயில்லை.

பிரவீனா சிம்பாங் ரெங்கம் பக்கத்து எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் பிறந்தவள். பள்ளிக் கடைசி ஆண்டான ஐந்தாம் படிவம் முடித்த கையோடு குளுவாங்குக்கு வேலைக்கு வந்தவள், இங்கேயே ஊன்றிக்கொண்டாள். சின்னச் சின்ன மின்சுற்றுப் பலகைகளை, பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி வழியாகப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது அவள் வேலை. பொழுது சாய்வதற்குள் கண் எரியும், பிடரி இறுகும். கணவன் ரூபேந்திரனுக்குச் சிங்கப்பூரில் கிடங்கு வேலை. ஜேபி என்கிற ஜொகூர் பாருவில் நாலு பேரோடு ஓர் அறையில் தங்கி, பாலம் தாண்டிப் போய் வருகிறான். சனிக்கிழமை மாலை வீட்டுக்கு வருவான், ஞாயிறு மாலை போவான், இடையில் தூங்குவான். பிரவீனாவின் அம்மா செல்வராணி நெடுஞ்சாலை ஓய்விடத்தில் துப்புரவு வேலை பார்க்கிறார். அந்த வேலையை விட்டுவிட்டு வந்து பிள்ளையைப் பாருங்கள் என்று கேட்க மகளுக்கு மனம் வரவில்லை.

பிள்ளையின் பெயர் லோஷினி. இரண்டு வயது முடிந்துவிட்டது. சாப்பாட்டில் தொந்தரவு இல்லை, உடம்பும் நல்ல உடம்பு. தூக்கம் மட்டும் தொட்டிலில்தான்.

இந்த ஊரில் ஸ்பிரிங் தொட்டில் இல்லாத பிள்ளைக்கார வீடு குறைவு. ஓர் இரும்புச் சட்டம், அதில் கனமான ஒரு ஸ்பிரிங், நுனியில் கொக்கி, கொக்கியில் கட்டிய கைலி. பக்கவாட்டில் ஆடாது, மேலும் கீழுமாகத் துள்ளும். கைக்குழந்தைக்கு நல்லதுதான். நடந்து, ஓடி, ‘வேணாம்’ என்று சொல்லத் தெரிந்துவிட்ட பிள்ளைக்கு அது தேவையில்லை. இது எல்லாத் தாய்மாருக்கும் தெரியும். ஆனால் கழற்றுவதற்குச் சில நாள் தூக்கத்தைக் கையில் எடுத்து வைத்திருக்க வேண்டும். பிரவீனாவிடம் அப்படி ஒரு கையிருப்பு எப்போதுமே இருந்ததில்லை. பகலில் ஆரிஃபா அக்கா ஆட்டினார், இரவில் இவள் ஆட்டினாள். காலம் ஓடிவிட்டது.

முதலில் ஓரிடத்துக்குப் போன் போட்டுப் பார்த்தாள். இரண்டு வயதா, இன்னும் தொட்டிலா, இடமில்லை என்று வைத்துவிட்டார்கள். அதிலிருந்து அவள் ஒன்று கற்றுக்கொண்டாள்: தொட்டில் பேச்சையே எடுக்கக் கூடாது. தப்பான பாடம். ஆனால் களைத்துப்போன ஆள் கற்றுக்கொள்கிற பாடம் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

சூப்பர்வைசர் மதிவாணனிடம் அரை நாள் லீவு கேட்டாள். பிள்ளைக்குக் காய்ச்சல், ஆரிஃபா அக்காவுக்குக் கால்வலி என்று ஏற்கெனவே நிறைய எடுத்திருந்தாள். அவன் மோசமான ஆளில்லை. ஆனாலும் தலையைத் தூக்காமலே சொன்னான்:

“இன்னிக்கு எடுத்துக்க. திங்கக்கிழமைல இருந்து கேட்டு வராத, லா. அப்புறம் உன் எடத்துல வேற ஆளத்தான் போடச் சொல்லுவாங்க. என் கையில ஒண்ணும் இல்ல.”

ஆகத் திங்கட்கிழமைக்குள் பிள்ளையை ஓரிடத்தில் விட்டாக வேண்டும்.

நஜ்வா நடத்தும் இடத்துக்குத்தான் முதலில் போனாள். ஊரார் தஸ்கா என்று சொல்கிற குழந்தைப் பராமரிப்பு நிலையம் அது. ஒரு தாமான் குடியிருப்பில், ஓரத்து வீட்டில் இருந்தது. நஜ்வாவின் தகப்பனார் தமிழ் முஸ்லிம், தாயார் மலாய்க்காரர். தமிழ் பேசினால் இடையிடையே மலாய் புகுந்து வரும். வீட்டுக்குள் ஒரே சத்தம். கஞ்சி வாசம் அடித்தது. ஒரு பிள்ளை பொம்மைக் காருக்காக அழுதுகொண்டிருந்தது. வேலை செய்கிற பெண் ஒருத்தி, குளியலறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, எல்லார் கண்ணிலும் படும்படி ஒரு பையனுக்குக் கால் கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள். அழுத பிள்ளையிடம் இன்னொருத்தி போய்த் தரையில் உட்கார்ந்தாள். பிள்ளைகள் இருக்கிற இடத்தில் அழுகை கேட்கத்தான் கேட்கும். அழுகிற பிள்ளையிடம் யாராவது போகிறார்களா என்பதுதான் கணக்கு. இது பிரவீனாவுக்கு அப்போது உறைக்கவில்லை. சத்தம் மட்டும்தான் மண்டைக்குள் இறங்கியது.

மாட்டிறைச்சி கொடுப்பார்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். நஜ்வா சிரித்தார். இங்கே மாடு சமைப்பதே இல்லை, மீன், கோழி, முட்டையோடு சரி, நான்கு விதமான வீட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள் என்றார். பிறகு அவர் கேட்டார்.

“எப்படித் தூங்குவா? இங்க தொட்டில் கிடையாது. எல்லாருக்கும் தரையில மெத்தைதான்.”

“பாயிலதான் தூங்குவா, அக்கா,” என்றாள் பிரவீனா. பொய் தடையில்லாமல் வந்தது.

திங்கட்கிழமை கொண்டுவந்து விடலாம் என்றார் நஜ்வா. காரில் ஏறிய பிறகுதான், அந்தப் பொய் திங்கட்கிழமை மதியமே வெளுத்துவிடும் என்று பட்டது. அதனால் தொழிற்சாலைக்குப் போகும் வழியில் சாந்தினி என்பவள் நடத்தும் நிலையத்தையும் பார்த்துவிடலாம் என்று வண்டியைத் திருப்பினாள்.

அது கடைவீதி மாடியில் இருந்தது. சுவரெல்லாம் படம், குளிரூட்டி ஓடியது, செருப்பு வைக்கும் தட்டுகூடப் பளபளவென்று இருந்தது. சாந்தினி இவள் வயதுக்காரிதான். கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்றாள். எழுத்து சொல்லித் தருவார்களா? ஆமாம். ஆட்டம் பாட்டம் உண்டா? ஆமாம், வருஷக் கடைசியில் மேடையேற்றம். இங்கே பிரவீனா துணிந்து உண்மையையே கேட்டாள்: பிள்ளை இன்னும் தொட்டிலில்தான் தூங்குகிறது, முடியுமா?

“அட, அதுக்கென்னா, அக்கா. எல்லாருக்குமே தொட்டில்தான். உள்ள வந்து பாருங்க.”

மதிய உறக்க நேரம். பின்னறையில் நீளமான இரும்புக் குழாயில் வரிசையாகத் தொட்டில்கள் தொங்கின. ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு சின்ன மோட்டார். எல்லாம் ஒன்றாக மேலே போயின, ஒன்றாகக் கீழே வந்தன. மோட்டார் முனகல் தவிர ஒரு சத்தமில்லை. மூலையில் ஒரு பெண் கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரவீனாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. தோட்டத்து ஆயாக்கொட்டகையைப் பற்றி அம்மா சொல்லக் கேட்டிருக்கிறாள். பெண்கள் விடியுமுன் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும்போது பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். இப்படித்தான் வரிசையாகச் சேலைத் தொட்டில் தொங்குமாம். எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டி ஆயா இழுத்துக்கொண்டிருப்பாளாம். தோட்டத்து வழி வந்தவர்களுக்கு வரிசைத் தொட்டில் என்றால் பிள்ளை பத்திரமாக இருக்கிறது என்று பொருள். அதற்கு மேல் யோசிக்க மாட்டார்கள். பிரவீனாவும் யோசிக்கவில்லை. பெயரைப் பதிந்துகொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்துவிட்டாள்.

அப்போதுதான் சுவரோரத்துத் தொட்டில் கண்ணில் பட்டது. மூன்று வயதிருக்கும் ஒரு பையன். கால் இரண்டும் துணிக்கு வெளியே தொங்கின. அவன் தூங்கவில்லை. கண்ணை விரியத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டு, மோட்டாரோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். பிரவீனா கிட்டே போய்க் குனிந்தாள். அவன் அவளைப் பார்த்தான். அழவில்லை. சிரிக்கவில்லை. தூக்கு என்று கையை நீட்டவும் இல்லை. பார்த்துவிட்டு மறுபடி கூரைக்கே திரும்பிவிட்டான்.

“இவன் முழிச்சிட்டானே?” என்றாள்.

“அவன் அப்படித்தான், அக்கா. தூங்குனாலும் தூங்காட்டியும் சாயங்காலம் வரைக்கும் அதுலயே இருப்பான். ஒரு தொல்லை கிடையாது. நல்ல பையன்.”

பிரவீனா யோசித்துச் சொல்கிறேன் என்று படியிறங்கினாள். அன்று பிற்பகல் கண்ணாடி வழியே பார்த்த பலகைகளில் ஒரு குறையும் அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்தப் பையனின் கால்தான் தெரிந்தது. குழந்தை என்றால் யாரைக் கண்டாலும் கை நீட்டும். நீட்டிப் பார்த்துப் பயனில்லை என்று தெரிந்த பிறகுதான் நிறுத்தும்.

சனிக்கிழமை ரூபேந்திரன் வந்தான். ஞாயிறு மதியம் பிரவீனா தொட்டிலைக் கழற்றி, தரையில் மெத்தையைப் போட்டுப் பிள்ளையைப் படுக்க வைத்தாள். லோஷினி எழுந்து போனாள். கைலியை இழுத்துக்கொண்டு வந்து, தூங்கிக்கொண்டிருந்த தகப்பன் முகத்தின்மேல் போட்டாள்.

“கட்டு,” என்றாள்.

அவன் கட்டத்தான் எழுந்தான். பிரவீனா தடுத்தாள்.

“நாளைக்குத் தஸ்காவுல தொட்டில் இல்லங்க. பாயில தூங்குவான்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.”

“அலமாக். ஏன் அப்படிச் சொன்ன? அந்த மாடி வீட்டுல கட்டித் தராங்கன்னு சொன்னல்ல? அங்கயே விடு. அவளுக்கும் நிம்மதி, உனக்கும் நிம்மதி.”

அவள் அந்தப் பையனைப் பற்றிச் சொன்னாள். பெரிதாக விவரிக்கவில்லை. கை நீட்டல என்று மட்டும் சொன்னாள். ரூபேந்திரன் கொஞ்ச நேரம் கைலியை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். பிள்ளை வீறிட்டது. கடைசியில் அவன் தொட்டிலைக் கட்டி ஆட்டித் தூங்க வைத்தான். அன்று அதுதான் முடிந்தது.

மாலை கிளம்பும்போது ஸ்பிரிங்கைக் கொக்கியோடு கழற்றித் துணிப்பையில் போட்டுக்கொண்டான்.

“அத எங்க தூக்கிட்டுப் போறீங்க?”

“ஜேபிக்கு. இங்க இருந்தா நீ கட்டிருவ. நான் இருந்தா நானும் கட்டிருவேன். என் ரூம்ல கெடக்கட்டும்.”

அன்றிரவு லோஷினி அழுது ஓய்ந்து தாயின் நெஞ்சின்மேல் தூங்கினாள். தாய் தூங்கினாள் என்று சொல்ல முடியாது.

திங்கட்கிழமை காலை நஜ்வாவின் வாசலில் பிள்ளையைக் கொடுக்கும் முன் பிரவீனா உண்மையைச் சொல்லிவிட்டாள். திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும் என்றுதான் சொன்னாள். அனுப்பினால் வேலை போய்விடும் என்பதும் தெரியும்.

நஜ்வா முகம் இறுகிற்று.

“இத நீ சொல்லாமப் போயிருந்தா, மத்தியானம் அவ கத்தறப்ப நான் வயித்து வலியா, காய்ச்சலான்னு கிளினிக்குத் தூக்கிட்டு ஓடியிருப்பேன். எங்ககிட்ட எது மறைச்சாலும் பிள்ளைக்குத்தான் கஷ்டம், தெரியுமா?”

பிரவீனா தலையாட்டினாள்.

“இந்த வாரம் தூங்கற நேரத்துக்கு நீ வா. பக்கத்துல படு. ஆட்டாத, தட்டு, போதும். அவளுக்கு எடம் பழகணும். அப்புறம் நாங்க பாத்துக்கறோம். வர முடியுமா?”

வாசலிலிருந்தே மதிவாணனுக்குப் போன் போட்டாள். லீவு இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். காலைத் தேநீர் இடைவேளை, மாலைத் தேநீர் இடைவேளை இரண்டையும் மதியத்தோடு சேர்த்துக் கொடுத்தால் போதும் என்றாள். எப்போது சாப்பிடுவாய் என்று கேட்டான். காரில் என்றாள். உன் இஷ்டம், இந்த வாரம் மட்டும்தான் என்றான்.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. லோஷினி மெத்தையில் நின்றாள், நடந்தாள், பக்கத்துப் பிள்ளையின் போர்வையை இழுத்தாள். நேரமாகிவிட்டதென்று பிரவீனா எழுந்தபோது காலைக் கட்டிக்கொண்டு அலறினாள். மறுநாளும் அப்படியே. திரும்பும் வழியில் சிவப்பு விளக்கில் நிற்கும்போது பொட்டலத்தைப் பிரித்து நாலு வாய் சோறு தின்றாள். சாந்தினியின் மாடி அந்தப் பாதையில்தான் இருந்தது. ஒவ்வொரு முறையும் அந்த அமைதியான அறை நினைவுக்கு வந்தது. பையனின் கால் கூடவே வந்ததால் வண்டியை நிறுத்தவில்லை.

வியாழக்கிழமை பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டு படுத்தவள், எத்தனை தட்டு தட்டினாள் என்று தெரியாது. யாரோ தோளை உலுக்கினார்கள். நஜ்வா.

“எழும்பு. பிரேக் முடியப் போகுது.”

பிரவீனா பதறிப் பக்கத்தில் பார்த்தாள். லோஷினி குப்புறப் படுத்து, வாய் திறந்து, தாயின் சட்டை நுனியைப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். யாரோ இருவர் மேலும் ஒரே துண்டைப் போர்த்தியிருந்தார்கள்.

“எப்பத் தூங்குனா?” என்று மெல்லக் கேட்டாள்.

“உனக்கு அப்புறம். நீ குறட்டை விட்ட. அவ எழுந்து உக்காந்து, கொஞ்ச நேரம் உன்னையே தட்டிக்கிட்டிருந்தா. அப்புறம் போரடிச்சிருக்கும், படுத்துட்டா.”

பிரவீனா சட்டை நுனியை விரல் விரலாக விடுவித்தாள். பிள்ளை அசையவில்லை.

வாசல்வரை கூட வந்த நஜ்வா, நாளைக்கு வர வேண்டாம், இனி நாங்களே தூங்க வைத்துக்கொள்வோம் என்றார். பிரவீனா செருப்பில் காலை நுழைத்தாள். உடனே நகரவில்லை.

“நாளைக்கும் மதிவாணன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன், அக்கா. ஒரு நாள்தானே. வந்துட்டுப் போறேன்.”

“புள்ளைக்காகவா, உனக்காகவா?”

பிரவீனா பையில் கார்ச் சாவியைத் தேடினாள். நஜ்வா அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“சரி, வா. ஓரத்து மெத்தைய உனக்குப் போட்டு வைக்கறேன். புள்ளைய நாங்க தட்டிக்கறோம், நீ படு.”

வெள்ளிக்கிழமை அவள் போனாள். சோற்றுப் பொட்டலத்தைக் காரிலேயே விட்டுவிட்டு, ஓரத்து மெத்தையில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள்.