மருந்து குடித்தவள் என்ற பெயர்

முதல் இரத்தம் பல் ஈறிலிருந்து வந்தது. தேய்த்துத் துப்பிய நுரை சிவந்திருந்தது. பிரஷ் புதிது, அது குத்திவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு முழங்கைக்கு மேலே, எங்கும் இடித்துக்கொண்ட ஞாபகமே இல்லாமல், நாவற்பழ நிறத்தில் ஒரு கன்றல். அதையும் பொருட்படுத்தவில்லை. சம்பா கதிர் விட்டுக்கொண்டிருந்த நேரம். வயலில் வேலை இருக்கும்போது உடம்பைக் கவனிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

சளியும் இருமலும் அதற்கு முன்பே இருந்தன. மார்கழிப் பனியில் வரப்பில் நிற்பவளுக்கு வராமல் இருந்தால்தான் அதிசயம். ஒரு நாள் காலை, மடை அடைக்கக் குனிந்தபோது இருமல் வந்தது. வாயைப் பொத்திய கையை எடுத்துப் பார்த்தால் உள்ளங்கை நிறைய இரத்தம். கோழை கலக்காத, பளிச்சென்ற சிவப்பு.

எங்கள் ஊர் பூதலூர்ப் பக்கம். ஆறு மா நிலம், இரண்டு ஏக்கர். பயிர் செய்வது நான்தான். என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த ஸ்டேஜில் யார் ஏறினார்கள் என்று அவருக்குத் தெரியும், நாற்றுக்கும் கோரைக்கும் வித்தியாசம் தெரியாது. ஓய்வு பெற்ற பிறகுதான் வயல் பக்கம் வரத் தொடங்கினார். அந்த வருஷம் எலித் தொல்லை அதிகம். எலி மருந்து வைப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

பூதலூர் டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு காசநோயாக இருக்கலாம் என்றார். சளிப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். முடிவு வருவதற்குள்ளேயே வீட்டில் என் தட்டும் டம்ளரும் தனியாகப் போய்விட்டன. சளியில் கிருமி இல்லை என்று வந்தது. அதற்குள் சிறுநீரும் சிவந்துவிட்டது. தஞ்சாவூரில் வேலை பார்க்கும் என் மகன் வந்து, அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தான்.

அங்கே இரத்தம் எடுத்த ஊசித் துளை அடைபடவே இல்லை. நர்ஸ் பஞ்சை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டிருந்தார். ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று சொல்லும் கணக்கு) ஆரோக்கியமானவர்களுக்கு ஒன்றை ஒட்டி இருக்க வேண்டும். எனக்கு மெஷின் காட்டும் அளவையே தாண்டிப்போய் எண்ணே விழவில்லையாம். தவறோ என்று மறுபடியும் எடுத்தார்கள். மறுபடியும் அப்படியே.

டாக்டர் ஒரு பெண். சின்ன வயது, நிதானமான குரல். இதயத்தில் வால்வு மாற்றியிருக்கிறதா, இரத்தத்தை உறைய விடாமல் செய்யும் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறேனா என்று கேட்டார். இல்லை என்றேன். தலைவலி மாத்திரைகூட எனக்கு ஆகாது. கொஞ்சம் யோசித்துவிட்டுக் கட்டில் அருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மறைக்காம சொல்லுங்கம்மா. எலி மருந்து எதுவும் சாப்பிட்டீங்களா?"

இல்லை என்றேன். சிரிப்புக்கூட வந்தது. அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவர், ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"வாய்ல சொல்லிக்கிட்டுதான் இருந்தா மேடம். செஞ்சுடுவான்னு நெனைக்கல."

நான் அப்படி வாய் விட்டது உண்மைதான். தீபாவளி கழித்து வீட்டில் ஒரு சண்டை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் தஞ்சாவூரில் மகனோடு போய் இருக்கலாம் என்றார். என்னைக் கொன்று புதைத்துவிட்டு அப்புறம் குத்தகைக்கு விடுங்கள் என்றேன். கோபத்தில் வாய் விடாத பெண் எங்கள் ஊரில் யார்? நுணலும் தன் வாயால் கெடும் என்பது எனக்கே பலித்தது. ஒரு வாரம் கழித்து யாருக்கும் நினைவிருக்காத பேச்சு, என் கேஸ் ஷீட்டில் போய் உட்கார்ந்தது.

எங்கள் பக்கத்தில் விஷம் என்று சொல்லமாட்டார்கள். 'மருந்து குடிச்சிட்டா' என்பார்கள். அந்தப் பெயர் எனக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. போலீஸ்காரர் ஒருவர் வந்து வாக்குமூலம் எழுதினார். விஷம் என்று சந்தேகம் வந்தால் ஆஸ்பத்திரி தகவல் சொல்லியாக வேண்டும், அது சட்டம். மனநல டாக்டர் ஒருவர் வந்து தூக்கம் வருகிறதா, அழுகை வருகிறதா என்று கனிவாகக் கேட்டார். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர்களுக்கு என்னைத் தெரியாது.

மகன் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா இப்படிப் பண்ணுனீங்க?" என்று கேட்டான். நான் பண்ணவில்லையடா என்றேன். சரிம்மா, சரிம்மா என்றான். குழந்தையைச் சமாதானப்படுத்துகிற அந்தச் 'சரி'யைக் கேட்டபோது, இருமலில் இரத்தம் வந்ததைவிட அதிகமாகப் பயந்தேன்.

இதே நோயில் இருப்பவர்களுக்காக, எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். இரத்தத்தை உறையவைக்கும் பொருட்களைக் கல்லீரல் செய்கிறது. அதற்கு வைட்டமின் கே வேண்டும். வால்வு மாற்றியவர்களுக்குக் கொடுக்கும் மாத்திரை அந்த வைட்டமினின் வேலையை அளவோடு தடுக்கும். எலி மருந்தும் அதே வேலையைத்தான் செய்கிறது, அளவில்லாமல். மாத்திரையின் வேகம் சில நாளில் குறைந்துவிடும். எலி மருந்து கல்லீரலில் தங்கி மாதக்கணக்கில் இறங்கும். நுரையீரலுக்குள் கசிந்த இரத்தம்தான் என் இருமலில் வந்தது.

பிளாஸ்மா (இரத்தத்தின் மஞ்சள் நீர்ப்பகுதி) ஏற்றினார்கள். வைட்டமின் கே சொட்டுச் சொட்டாக நரம்பில் இறங்கியது. பிறகு மாத்திரை. இரத்தம் நின்றது. நன்றாகிவிட்டது என்று நிறுத்தினால் ஐ.என்.ஆர். மறுபடியும் ஏறிவிடும், விடாமல் சாப்பிட வேண்டும் என்றார் டாக்டர். கீரை நிறையச் சாப்பிடலாமா என்று கேட்டேன். இரத்தத்தை உறைய விடாத மாத்திரை சாப்பிடுகிறவர்கள்தான் கீரையை ஒரே அளவாக வைத்துக்கொள்ள வேண்டும், உங்களுக்குத் தடையில்லை என்றார்.

படுத்துக்கிடந்தால் யோசிக்க நேரம் கிடைக்கும். குடிக்காத மருந்து என் உடம்புக்குள் எப்படி வந்தது? வீட்டில் நான் சாப்பிட்டு அவர் சாப்பிடாதது எது? நண்டு. நண்டு சாப்பிட்டால் அவருக்கு உடம்பெல்லாம் தடித்துவிடும். சளி பிடித்ததிலிருந்து நான் வயல் நண்டை மிளகோடு இடித்து ரசம் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தேன். இருமல் கூடக்கூட ரசமும் கூடியது. நண்டு வளை போட்டால் வரப்பில் தண்ணீர் ஒழுகும். கையை விட்டு நண்டை எடுத்துவிட்டு வளையை அடைப்பேன். வரப்புக்கு வரப்பும் ஆச்சு, ரசத்துக்கு ரசமும் ஆச்சு.

டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நண்டு அந்த மருந்தைத் தின்றால் அதன் உடம்பில் தங்கும், மருந்து வைத்த வளைக்குள் வெறும் கையை விட்டதும் சேர்ந்திருக்கலாம் என்றார். "ஆனா அதுதான்னு என்னால எழுதிக் கொடுக்க முடியாதும்மா" என்றார். அது நியாயம்தான்.

வீட்டுக்காரரும் மகனும் வந்ததும் நண்டு விஷயத்தைச் சொல்லி, மருந்தை எங்கே வைத்தீர்கள் என்று அவரைக் கேட்டேன். நொய் அரிசியில் பிசைந்து, எலி வளை பார்த்துத்தான் வைத்தேன் என்றார். நண்டு வளையில் எதற்கு வைக்கப்போகிறேன், நண்டிலெல்லாம் எப்படி வரும் என்று மகனைப் பார்த்துச் சொன்னார். மகன் தலையாட்டினான். அன்றோடு என் நண்டுக் கதை முடிந்தது.

வீட்டுக்கு வந்தபோது குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றியிருந்தார்கள். பூச்சி மருந்து டப்பாக்கள் எல்லாம் போயிருந்தன. மாத்திரையை அவரே பிரித்துக் கையில் வைத்து, விழுங்கிவிட்டேனா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்வார். நிலம் குத்தகைக்குப் போயிருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மருந்து குடித்தவளிடம் யார் கேட்பார்கள்? என் நல்லதுக்குத்தான் என்றார்கள். எல்லாமே என் நல்லதுக்குத்தான் நடந்தது.

புரட்டாசியில், குறுவை அறுக்கிற சமயத்தில் டாக்டர் வைட்டமின் கே மாத்திரையை நிறுத்தினார். ஐ.என்.ஆர். சரியாக நின்றது. கொஞ்ச நாளில் எனக்கு மறுபடியும் சளி. முத்துப்பேட்டையிலிருந்து வண்டியில் மீன் கொண்டுவருகிறவரிடம் அன்று நண்டு இருந்தது. வாங்கி ரசம் வைத்தேன். வெளியே போயிருந்த வீட்டுக்காரர் வாசலிலேயே வாசனை பிடித்துவிட்டார். செருப்போடு அடுப்படிக்குள் வந்தார்.

"எந்த வரப்புல புடிச்ச?"

நான் அடுப்பை அணைத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். அது பயந்த முகம். மனைவி சாப்பிடக் கூடாததைச் சாப்பிட்டுவிடுவாளோ என்று உண்மையாகவே பயந்த முகம்.

"ஏன் கேக்குறீங்க? நண்டுல எப்படி வரும்னு நீங்கதானே சொன்னீங்க?"

மோடாவில் உட்கார்ந்துவிட்டார். எது எலி வளை, எது நண்டு வளை என்று தனக்குத் தெரியவில்லை, கண்ணில் பட்ட வளையிலெல்லாம் வைத்துவிட்டதாகச் சொன்னார். எப்போது புரிந்தது என்று கேட்டேன்.

"நீ ஆஸ்பத்திரியில சொன்னியே, அப்பவே. போலீசு என்னைப் புடிச்சிக்கிட்டா என்ன பண்றதுன்னு பயந்துட்டேன் செல்வி."

அவ்வளவு நாளும் அவர் என்னை நம்பித்தான் இருந்திருக்கிறார். நம்பிக்கொண்டேதான் தாழ்ப்பாளைக் கழற்றியிருக்கிறார். நம்பிக்கொண்டேதான் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறார். சந்தேகப்பட்டிருந்தால்கூட ஒருவேளை மன்னித்திருப்பேன்.

இப்போதே மகனுக்குப் போன் போட்டு இதைச் சொல்லுங்கள் என்றேன். போட்டார். மகன் எடுத்தான். "அம்மாவுக்குச் சளி புடிச்சிருக்கு. வேற ஒண்ணுமில்லப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நான் ரசத்தை ஊற்றிக் குடித்தேன்.

முன்பெல்லாம் ஆற்றில் தண்ணீர் வருவதையும் அறுப்பையும் வைத்துத்தான் எனக்கு மாதம் தெரியும். இப்போது அடுத்த இரத்தப் பரிசோதனை எப்போது என்பதுதான் என் காலம். லேபில் ஊசி எடுத்த பிறகு எல்லோரும் பஞ்சை அழுத்திக்கொண்டே எழுந்து போய்விடுகிறார்கள். நான் உட்கார்ந்து, பஞ்சை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். இரத்தம் நின்றுவிடுகிறது. என் உடம்பு தனக்குச் செய்யப்பட்டதைச் சரிசெய்துகொண்டது. அதற்கு யாருடைய ஒப்புதலும் தேவைப்படவில்லை. எனக்குத் தேவைப்படுகிறது.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஆனால், டாக்டர் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லுங்கள். வயலில், வீட்டில் எந்த மருந்து எங்கே வைத்தீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். படுத்திருப்பவர் இல்லை என்று சொன்னால், அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

என் மகன் இதைப் படிப்பான். அப்பா போனில் சொல்லாமல் விட்டது இதுதான், தம்பி. நான் மருந்து குடிக்கவில்லை.