பரணில் ஒரு வாளிப் பந்துகள்

மிளகு மூட்டையை மேலாகப் பார்த்து நான் வாங்கியதே இல்லை. குத்தூசி என்று ஒன்று வைத்திருக்கிறேன். கூரான இரும்புக் குழாய். மூட்டையின் வயிற்றில் செருகி இழுத்தால் உள்ளே இருப்பது உள்ளங்கைக்கு வந்துவிடும். மேலே முத்து முத்தாகக் காட்டிவிட்டு அடியில் காம்பையும் சருகையும் அடைத்து அனுப்பும் கெட்டிக்காரர்களை மட்டாஞ்சேரியில் இத்தனை வருடமாக எனக்குப் பிடித்துக் கொடுத்தது அதுதான். அந்தத் திமிரோடுதான் வீடு பார்க்கவும் போனேன்.

வீடு மாறுவது என் மனைவிக்காக. எங்கள் குடித்தனம் கிடங்குக்கு மேல் மாடியில். கீழே ஒரு மூட்டை மிளகாய் வற்றலை அவிழ்த்தால் போதும், மேலே அவளுக்கு இருமல் பிடித்துக்கொள்ளும். எந்தப் பேச்சையும் முழுசாகச் சொல்லி முடிக்க மாட்டாள். பாதியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கையால் சொல்வாள். நானும் அந்தக் கைப்பேச்சில் தேறிவிட்டேன். மருந்தெல்லாம் இருக்கட்டும், முதலில் அந்த இடத்தை விடுங்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

தரகர் காட்டிய வீடு விமான நிலையத்துப் பக்கம், ஒரு கோல்ஃப் மைதானத்தின் ஓரத்தில் இருந்தது. படகு, மெட்ரோ, ஆட்டோ என்று மூன்று மாறிப் போய் இறங்கினோம். தரகர் பின்கதவைத் திறந்தார் பாருங்கள், அப்பப்பா! கண்ணுக்கு எட்டிய வரை பச்சை. இவ்வளவு புல்லை ஒரு மாடுகூட வாய் வைக்காமல் வளர்த்திருக்கிறார்களே என்று மலைத்துப் போனேன். எதிரே எவனும் மாடி கட்டி வெளிச்சத்தை மறைக்கப் போவதில்லை. காற்று வந்து வேட்டியைப் பிடித்து இழுத்தது. உள்ளுக்குள் எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தாலும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டேன். வாங்குகிறவன் சிரித்துவிட்டால் விலை ஏறிவிடும்.

"இதுபோலத்தெ வீடு வேறெ கிட்டில்ல சேட்டா" என்றார் தரகர்.

மனைவியைப் பின்வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனேன். குழாய்களைத் திருகினேன், சுவர்களைத் தட்டினேன். படுக்கையறை ஜன்னலில் ஒரு கண்ணாடி மட்டும் புத்தம் புதிதாக இருந்தது. எனக்கு மூக்கு வேர்த்துவிட்டது. ஸ்டூலைப் போட்டு சமையலறைப் பரணில் கையை விட்டேன். பழைய செய்தித்தாள் மூடிய ஒரு வாளி. இறக்கிப் பார்த்தால் விளிம்பு வரை வெள்ளைப் பந்துகள்!

"பிள்ளைகள் களிக்கான் எடுத்து வெச்சதா" என்றார் தரகர், என் முகத்தைப் பார்க்காமல். பிள்ளைகள் விளையாட எடுத்து வைத்ததாம்.

"கண்ணாடியும் பிள்ளைங்க களிச்சதுதானோ?"

பிறகு தரகர் வாயிலிருந்து ஒவ்வொன்றாக வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பந்து வரும். ஓடு உடையும். அந்தப் புல்லில் நாம் கால் வைக்க முடியாது, காவலாள் விசில் அடிப்பான். பார்க்கலாம், அவ்வளவுதான். போதாக்குறைக்கு என் கடை எங்கே, இந்த இடம் எங்கே! கண்டுபிடித்துவிட்ட பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. வேண்டாம் என்று முடிவு கட்டி, சாட்சிக்கு ஒரு பந்தையும் எடுத்துக்கொண்டு மனைவியிடம் போனேன்.

அவள் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்ற அடுத்த வீட்டு அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பேச்சை என் பக்கம் திருப்பினாள்.

"என்னங்க, இங்க ஒரு முருங்கை வெக்கலாம், அங்கிட்டு துணி காயப்போடக் கொடி கட்டலாம், பந்து வந்து விழுமாம், இந்தச் சேச்சி இப்பத்தான் சொன்னாங்க, விழுந்தா விழுந்துட்டுப் போகுது, அவங்க மாதிரி நாமளும் வலை கட்டிக்கிடலாம், கடைக்குத்தான் உங்களுக்குத் தூரம், ஒரு மணி நேரம் முந்தி எந்திரிச்சா என்ன, சாயா நான் போட்டுத் தர மாட்டேனா, ஏன் இப்படி முழிச்சுக்கிட்டு நிக்கிறீங்க?"

அவள் எந்த இடத்தில் நெஞ்சைப் பிடிப்பாள் என்று பழக்கத்தில் பார்த்துக்கொண்டே நின்றிருந்தேன். பிடிக்கவே இல்லை. இரண்டு கைகளும் மதில் மேல் சும்மா கிடந்தன. அவளை இப்படி முழுசாகக் கேட்டு எத்தனை வருடமாயிற்று!

பின்னாலேயே வந்த தரகர் தயங்கித் தயங்கி, "எந்தா சேட்டா, வேண்டா அல்லே?" என்றார்.

"வலை கட்டுற ஆளு யாரு?" என்று கேட்டேன். முகத்தை உம்மென்று வைத்துக்கொள்ள மறந்தே போய்விட்டது.