ஒரு சகோதரன் எழுதிய பக்கம்

வெளிமாநிலத்தில் இருக்கிற வானவடி தமிழ்ச் சபையில் ஈனிட் டீச்சர் என்றாலே அவர் எழுதிய தினதியானப் புத்தகம்தான். நாளுக்கு ஒரு பக்கம். மூன்று வருடமாக வீட்டு ஜெபங்களில் அதைத்தான் வாசிக்கிறார்கள். அத்தனையும் அவர் எழுதியதில்லை என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். நவம்பர் பதினைந்தாம் தேதிப் பக்கத்தோடு சரக்குத் தீர்ந்துபோக, சபை அலமாரியில் கிடந்த பழைய மாத இதழ்களில் கைவைத்துவிட்டார். அந்தக் காலத்தில் தேவன் தங்களுக்குச் செய்ததைச் சாட்சியாக எழுதுகிறவர்கள் தாழ்மைக்காகப் பெயர் போடமாட்டார்கள். 'ஒரு சகோதரன்' என்று முடித்துவிடுவார்கள். பெயரில்லாத எழுத்துக்கு யார் வந்து கேட்கப்போகிறார்கள்? அதுவும் தமிழ் வாசிக்கத் திணறுகிற பிள்ளைகள் இருக்கிற ஊரில்!

அப்படி நினைத்தாரே தவிர, யாராவது அந்தப் புத்தகத்தோடு கிட்டே வந்தாலே பேச்சை மாற்றிவிடுவார்.

இந்த ஞாயிறு இரண்டாம் பதிப்பு வெளியீடு. ஆராதனைக்கு முன்பே ஃபியோனா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். போன மாதம் இறந்துபோன ஜெபமணியின் மகள். மடியில் ஒரு பழைய நோட்டு. அவள் விரித்துக் காட்டிய பக்கத்தில், ஜெபமணியின் கையெழுத்தில், 'வேலை போன அன்று கசார்வாடி தண்டவாளத்தில் போய் நின்றேன்' என்றிருந்தது. தினதியானப் புத்தகத்தின் டிசம்பர் நான்காம் தேதிப் பக்கம், வரிக்கு வரி. தொலைந்தோம் என்று நினைத்தார் ஈனிட்.

ஃபியோனா குரலைத் தாழ்த்தினாள். "ஆன்ட்டி, அப்பா பெட்டியில இது கிடைச்சுது. அவரோட சாட்சின்னு நெனச்சு அழுதேன். அம்மாதான் உங்க புக்கைக் காட்டினாங்க. அதைப் பார்த்து காப்பியடிச்சிருக்கார். அவருக்காக நான் மன்னிப்புக் கேக்குறேன். யார்கிட்டயும் சொல்லிராதீங்க, ப்ளீஸ்."

தப்பித்தாயிற்று. சும்மா தலையாட்டினால் போதும். ஈனிட்டின் தலை ஆடவும் தொடங்கிவிட்டது. அடிப்பாவி, செத்த மனுஷனையா திருடனாக்கப் போகிறாய் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. இப்போதுதான் நிஜமான பயம் வந்தது. இதுவரை மனிதர்களுக்குத்தான் பயந்திருந்தார்.

"அப்பா காப்பியடிக்கலம்மா," என்றார். "அது அவரோட சாட்சிதான். நான்தான் திருடினேன்."

மேடையில் போதகர் மைக்கைத் தட்டி, "ஈனிட் டீச்சர், வாங்க," என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

"இந்த ஒரு பக்கம்தானா ஆன்ட்டி?"

"இல்லம்மா. இன்னும் நாப்பத்தஞ்சு இருக்கு."

புத்தகத்தைப் பெஞ்சிலேயே வைத்தார். "அப்பா நோட்டைக் கொஞ்சம் குடும்மா," என்று கேட்டு வாங்கிக்கொண்டு, மைக்கைப் பார்த்து நடந்தார்.