என் மானிட்டரில் சிவப்பு, அவர் போனில் மங்கல்

"பழம் சரியாப் பழுக்கலைன்னு சொல்லிட்டாங்கண்ணா" என்று மாரமங்கலத்திலிருந்து பூங்கொடி போன் செய்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஏற்காட்டில் இருபத்தெட்டு வருடமாக ஸ்டுடியோ நடத்துகிறேன். நான் எடுத்த படத்தையா குறை சொல்கிறார்கள் என்று பொருமினேன்.

பூங்கொடியும் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆறு பேரும் சேர்ந்து, நன்றாகச் சிவந்த காப்பிப் பழத்தை மட்டும் பார்த்துப் பார்த்துப் பறித்தார்கள். பெங்களூர் வியாபாரி ஒருவர், முதல் பறிப்பை நான் எடுத்து அனுப்பும் படம் திருப்தியாக இருந்தால் அந்தப் பருவம் முழுக்க வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அவர் சரி என்று சொல்லும்வரை மிச்சப் பழம் செடியில் காத்திருந்தது. உதிர ஆரம்பித்துவிட்டால் ஏழு பேரின் உழைப்பும் மண்ணுக்குத்தான்.

என் மானிட்டரில் பழங்கள் பளிச்சென்று சிவந்திருந்தன. வியாபாரிக்கு இதுவும் போதவில்லையாக்கும் என்று நிறத்தை அழுத்தமாக்கும் சாச்சுரேஷனைக் கூட்டி மறுபடி அனுப்பினேன். சாயம் பூசிய படம் வேண்டாம், நிஜப் படம் இருந்தால் அனுப்புங்கள் என்று வியாபாரி சொல்லிவிட்டார். என் வீம்பால் பூங்கொடியின் நாணயத்துக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மறுநாள் காலை பஸ்ஸில் பூங்கொடியே வந்துவிட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. கைக்குட்டையில் முடிந்து வந்த பழங்களை மேசையில் வைத்தார். நான் முதலில் அனுப்பிய படத்தைப் போனில் திறந்து பக்கத்தில் வைத்தார். அதே படம் என் மானிட்டரிலும் இருந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்கண்ணா, உங்க பொட்டியில பழம் இருக்கறாப்புலயே இருக்குது. என்ற போன்லதான் நோவு வந்தாப்புல இருக்குது. ரெண்டும் ஒரே படந்தானுங்களே?"

எனக்குச் சுருக்கென்றது. ஆல்பம் அச்சுக்காக கேமராவை அடோபி ஆர்ஜிபி என்ற கலர் ஸ்பேஸில் வைத்திருந்தேன், மாற்ற மறந்துவிட்டேன். கலர் ஸ்பேஸ் என்பது நிறத்தை அளக்கும் படி மாதிரி. இது பெரிய படி. போனும் இணையமும் பெரும்பாலும் புழங்குவது எஸ்ஆர்ஜிபி என்ற சின்னப் படி. எந்தப் படியால் அளந்தது என்று சொல்லும் ப்ரொஃபைல் என்ற குறிப்பு படத்தின் ஃபைலுக்குள் இருக்கும். என் சாஃப்ட்வேர் அதைப் படித்தது. அனுப்பும் வழியில் அந்தக் குறிப்பு கழன்றுவிட, போன் அதே எண்களைச் சின்னப் படியாக எடுத்துக்கொண்டது. சிவப்பு வற்றிவிட்டது.

கைவைக்காத மூலப் படத்தை எடுத்து, சாஃப்ட்வேரின் கன்வர்ட் டு ப்ரொஃபைல் என்ற கட்டளையில் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, அவர் போனுக்கு அனுப்பினேன். ஒரு பழத்தைத் திரையோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். "இதானுங்க என்ற பழம்" என்றார்.

அந்தப் படத்தை வியாபாரிக்கு அனுப்பிவிட்டு, அங்கிருந்தே அவரைக் கூப்பிட்டார். என்னைக் கைகாட்டினால் அது நியாயம்தான் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"கோளாறு படத்துலதானுங்க, பழத்துல இல்லீங்க. எங்க அண்ணன் நொம்ப மெனக்கெட்டுச் சரி பண்ணிட்டாருங்க. இப்பப் பாருங்க."

அரை மணி நேரத்தில் பறிக்கச் சொல்லிப் பதில் வந்தது. அந்த 'எங்க அண்ணன்' என்ற வார்த்தைக்கு நான் இன்றுவரை கடமைப்பட்டிருக்கிறேன். சேலத்தில் வேறு ஸ்டுடியோ பார்த்துப் போயிருக்கலாம். அவர் போகவில்லை.

புதிதாகக் கேமரா பிடிப்பவர்களுக்குச் சொல்வது இதுதான். அச்சுக்கு ஒரு பிரதி, போனுக்கு ஒரு பிரதி என்று தனித்தனியாக எடுத்து வையுங்கள். எனக்கு இது புரியக் காரணமானவர் கலர் ஸ்பேஸ் என்ற பேச்சையே கேட்டிராதவர். படம் சரியில்லை என்று யாராவது சொன்னால் இப்போது எனக்குக் கோபம் வருவதில்லை. "உங்க போனைக் கொஞ்சம் காட்டுங்க" என்று கை நீட்டுகிறேன்.