நோரீன் பார்த்து அனுப்பிய குடைகள்

நோரீன் மேனியனுக்குப் பக்கத்து இருக்கையில் பதினேழு வருடம் உட்கார்ந்து வேலை பார்த்தேன். கால்வே நகருக்குக் கிழக்கே, குதிரைப் பந்தய மைதானத்தைத் தாண்டி இருக்கும் தொழிற்சாலை. தூசி புகாத அறை. உள்ளே போனால் தலை, வாய், கை எல்லாவற்றையும் மூடிக்கொள்ள வேண்டும், கண் மட்டும்தான் வெளியே தெரியும். நோரீன் சிரிக்கிறாளா, கோபமாக இருக்கிறாளா என்று அவள் புருவத்தை வைத்தே சொல்லிவிடுவேன்.

நாங்கள் செய்தது ஒரு குடை. விரித்தாலும் பட்டாணியை விடப் பெரிதாகாது. கழுத்து வழியாக மூளைக்கு ஏறும் ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்து அடைத்துக்கொண்டவர்களுக்கு, தொடையிலிருந்து மெல்லிய கம்பியை ஏற்றி, அடைப்பு இருக்கும் இடத்தில் ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை வைத்து விரிப்பார்கள். விரிக்கும்போது கொழுப்பு உதிரும். உதிர்ந்த துணுக்கு மூளைக்குப் போனால் பக்கவாதம். அதனால் அடைப்புக்கு மேலே முதலில் எங்கள் குடையை விரித்து வைப்பார்கள். உதிர்வதை அது வடிகட்டிப் பிடித்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் குடையை மடக்கி வெளியே எடுத்துவிடுவார்கள்.

நான் வளையத்தில் வலையை ஒட்டுவேன். நோரீன் கடைசியாக நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, நல்லது என்றால் தாளில் தன் பெயரின் முதலெழுத்துகளைப் போடுவாள். சந்தேகம் என்றால் சிவப்புத் தட்டில் எறிந்துவிடுவாள். "உன் புருஷன் இப்ப இருந்திருந்தா அவனையும் சிவப்புத் தட்டுலதான் போட்டிருப்பே" என்று அவளைச் சீண்டுவேன். அவள் கணவன் இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. "இருந்தப்பவே போட்டுட்டேன்" என்பாள்.

அந்த வருடம் ஜூலைக் கடைசி, குதிரைப் பந்தய வாரம். ஊரே பாதி நேரம்தான் வேலை செய்யும். செவ்வாய்க்கிழமை மதியத்துக்குள் நோரீன் மூன்று குடைகளைச் சிவப்புத் தட்டில் போட்டிருந்தாள். நாலாவது ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது எங்கள் பிரிவுத் தலைவன் ஃபெர்கல் வந்து நின்றான். எங்களை விட இருபது வயது இளையவன், கெட்டவன் இல்லை.

"நோரீன், நாலாவதையும் கழிச்சா இந்த லாட்டையே நிறுத்தி வைக்கணும், தெரியுமில்ல. அப்புறம் இந்த வாரம் யாரும் பந்தயத்துக்குப் போன மாதிரிதான். இன்னொரு தடவை பாருங்களேன்."

"பாக்குறேன். பாத்தா மாறிடுமா?"

"வெளிச்சம் சரியில்லாம இருந்திருக்கலாம்."

நோரீன் விளக்கைத் திருப்பி வைத்து மறுபடி பார்த்தாள். நான் என் வேலையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அந்த வாரம் போக ஆசை, பந்தயத்துக்குப் பெண்கள் போட்டுப்போகும் அலங்காரத் தொப்பி ஒன்று வாங்கி வைத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் அந்தக் குடையை நல்ல தட்டில் வைத்தாள். புருவம் அசையவில்லை. லாட் என்பது ஒன்றாகச் செய்து ஒரே எண் போடும் தொகுதி, அந்த லாட்டில் எண்பது குடைகள். எண்பதுக்கும் கையெழுத்துப் போட்டாள்.

கோல்மன் அவளுடைய அண்ணன். ஆதன்ரை ஊரில் தாய் தகப்பன் விட்டுப்போன வீட்டில் தனியாக இருந்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முப்பது வருடமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டி வந்தான். பதினைந்து வருடத்துக்கு முன்னால் தொண்டையில் புற்றுநோய் வந்து, கதிர்வீச்சு கொடுத்து, பிழைத்துக்கொண்டவன். கழுத்துத் தோல் அன்றிலிருந்து பழைய செருப்புத் தோல் மாதிரி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் நோரீன் போய் அவனுக்குச் சமைத்துப் போடுவாள், சில வாரம் நானும் போவேன்.

அக்டோபரில் ஒரு ஞாயிறு. உருளைக்கிழங்கை வெட்டிக்கொண்டே கோல்மன் சொன்னான்: "இந்த இடது கண்ணு இருக்கே, அது இப்பல்லாம் ஒழுங்கா வேலைக்கு வர மாட்டேங்குது. திடீர்னு யாரோ ஜன்னல் திரையை இறக்கின மாதிரி இருட்டிடுது. பத்து நிமிஷத்துல தானா சரியாயிடுது."

நோரீன் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். தொழிற்சாலையில் எங்களுக்குக் காட்டிய பயிற்சிப் படத்தில் கிட்டத்தட்ட அதே வார்த்தைகள் இருந்தன. கழுத்துக் குழாய் அடைத்துக்கொண்டு, துணுக்கு ஒன்று கண்ணுக்குப் போய் வந்திருக்கிறது. அடுத்தது மூளைக்குப் போகலாம்.

"எத்தனை தடவை?" என்றாள்.

"மூணு. ஒரு தடவை வண்டியில இருந்தேன்."

"பிள்ளைங்க இருந்தாங்களா?"

"முப்பத்தோரு பேரு. ஓரமா நிறுத்திட்டு, இறங்கி டயரைப் பாக்குற மாதிரி நடிச்சேன்."

நோரீன் எழுந்து போய், கதவோரம் ஆணியில் தொங்கிய பஸ் சாவியை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"நீ யாரு என் சாவியை எடுக்க?"

"அந்தப் பிள்ளைங்களோட அம்மா யாரையாவது கூட்டிட்டு வந்து கேளு, சொல்லுவா."

மறுநாள் காலை பஸ் முதலாளிக்கு அவளே போன் செய்து, கோல்மன் இனி வர மாட்டான் என்று சொல்லிவிட்டாள். அவன் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. பரிசோதனைக்கு மட்டும் வந்தான். இடது பக்கக் குழாய் எண்பத்தைந்து சதவீதம் அடைத்திருந்தது.

டாக்டர் ஹெஷன் என்ற பெண்மணிதான் பார்த்தார். வழக்கமாகக் கழுத்தைத் திறந்து குழாயைச் சுரண்டிச் சுத்தம் செய்வதுதான் நல்லது என்றார். ஆனால் கதிர்வீச்சு பட்ட கழுத்தைக் கீறினால் ஆறாது. அதனால் தொடை வழியாகப் போய் ஸ்டென்ட் வைக்கலாம் என்றார்.

"மாத்திரை இருக்குமில்ல?" என்றான் கோல்மன்.

"இருக்கு. ஆனா உங்களுக்கு ஏற்கெனவே மூணு எச்சரிக்கை வந்தாச்சு, வெறும் மாத்திரையோட விட எனக்குத் தைரியம் இல்ல. ஸ்டென்ட் வைக்கிறதுலயும் ஆபத்து இருக்கு. நூறு பேருக்கு வெச்சா நாலஞ்சு பேருக்கு அதனாலயே பக்கவாதம் வரலாம். யோசிச்சுச் சொல்லுங்க."

திரும்பி வரும்போது நான்தான் கார் ஓட்டினேன். பின்னால் இருந்து கோல்மன் சொன்னான்: "மாத்திரையே போதும் நோரீன். என் கழுத்துக்குள்ள யாரும் கம்பி விட வேணாம்."

"நூத்துல தொண்ணூத்தஞ்சு பேரு நல்லா எழுந்து நடக்குறாங்க. நான் தினமும் பாத்து அனுப்புற சாமான் அது."

"அதான் பயமா இருக்கு. உன் குடை உள்ள வந்தா, அங்கேருந்தும் எனக்குப் புத்தி சொல்லும்."

"சொல்லட்டும். வெளியேருந்து சொல்லி நீ எதைக் கேட்டே?"

மூன்று ஞாயிறு பேசிப் பேசி அவனைச் சம்மதிக்க வைத்தாள்.

நவம்பரில் செய்தார்கள். மயக்க மருந்து கிடையாது. மூளை ஒழுங்காக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, நோயாளியின் வலது கையில் குளியல் தொட்டியில் மிதக்கவிடும் ரப்பர் வாத்து ஒன்றைக் கொடுத்து வைப்பார்கள். அமுக்குங்கள் என்று சொல்லும்போதெல்லாம் அமுக்க வேண்டும், அது கீச்சிடும். வெளியே தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு அந்தச் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. டாக்டர் வந்து எல்லாம் சரியாகப் போனது என்றார்.

வார்டில் கோல்மன் தெம்பாக இருந்தான். "அந்த வாத்தை வீட்டுக்குத் தருவாங்களான்னு கேளு. என்னை விட அது அதிகமாப் பேசுது" என்றான். தேநீர் கேட்டான். நோரீன் வாங்கி வந்து கொடுத்தாள்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். அவன் சர்க்கரையைப் பார்த்து, "கதவு" என்றான்.

நோரீன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"கதவு," என்றான் மறுபடி, கொஞ்சம் எரிச்சலாக. "கதவு, கதவு." கோப்பை அவன் வலது கையிலிருந்து போர்வை மேல் சாய்ந்தது. அவன் அதைக் கவனிக்கவே இல்லை. வாயின் வலது ஓரம் இறங்கியிருந்தது.

நோரீன் கத்தவில்லை. மணியை அமுக்கிவிட்டு, வந்த நர்சிடம் அது தொடங்கிய நேரத்தைச் சொன்னாள். மறுபடி உள்ளே கொண்டு ஓடினார்கள். துணுக்குகள் மிகச் சிறிய குழாய்கள் வரை போய்விட்டன, அங்கே எந்தக் கம்பியும் போகாது.

டாக்டர் ஹெஷன் மறைக்காமல் சொன்னார். குடையை வெளியே எடுத்த பிறகுதான் இது நடந்திருக்கிறது, ஸ்டென்டின் கண்ணிகள் வழியாகக் கொழுப்பு பிதுங்கி உதிர்ந்திருக்க வேண்டும், சிலருக்கு இப்படி ஆகிறது. "குடை மேல தப்பு இருக்குமா?" என்று நோரீன் கேட்டாள். "அப்படித் தோணல. ஆனா உறுதியாச் சொல்லவும் முடியாது" என்றார்.

இரண்டு நாள் கழித்து, கோல்மனின் சிகிச்சைத் தாள்களை நோரீன் கேட்டு வாங்கினாள். பயன்படுத்திய ஒவ்வொரு பொருளின் பெட்டியிலிருந்தும் ஒரு சீட்டைக் கிழித்து அதில் ஒட்டியிருப்பார்கள். எங்கள் குடையின் சீட்டும் இருந்தது. லாட் எண்ணில் வாரமும் நாளும் அடக்கம். அவள் அதைப் படிக்க இரண்டு நொடி போதும்.

திங்கட்கிழமை வேலை தொடங்கும் முன் கார் நிறுத்தும் இடத்தில் என்னிடம் சொன்னாள்.

"இமெல்டா, பந்தய வாரத்துச் செவ்வாய்க்கிழமை. நீ பாத்துட்டுத்தான் இருந்தே."

"எண்பதுல ஒண்ணு நோரீன். அதுவே அவனுக்கு வந்திருக்கும்னு என்ன?"

"வந்திருக்காதுன்னு என்ன? ஓரத்துல ஒட்டு நிக்கல. எனக்குத் தெரிஞ்சுதான் போட்டேன்."

அப்போது நான் சொன்னதை இன்றும் நினைத்துக் கூசுகிறேன். "வெளிய சொன்னா கோல்மனுக்குப் பேச்சு திரும்பி வந்துடுமா? பேசாம இரு" என்றேன். ஃபெர்கலிடம் எனக்கு முன்பே சொல்லியிருக்கிறாள், அவனும் அதையேதான் சொன்னானாம். முகம் வெளுத்துப்போய்ச் சொன்னான் என்றாள்.

"இன்னும் எத்தனை பெட்டி ஆஸ்பத்திரி அலமாரியில இருக்குன்னு உனக்குத் தெரியுமா?" என்று என்னைக் கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நேரே தரப் பிரிவுக்குப் போய், மேலாளரான ஷிவான் என்ற பெண்ணிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாள். ஃபெர்கல் பக்கத்தில் நின்றதை எழுதவில்லை. "நல்ல தட்டுல வெச்ச கை என்னுது" என்றாள்.

அந்த லாட்டைத் திரும்பப் பெற்றார்கள். எண்பதில் எழுபத்தொன்று ஏற்கெனவே ஆட்களுக்குப் பயன்பட்டுவிட்டன. ஒன்பது மட்டும் பெட்டி பிரிக்காமல் வந்தன. பதினொரு நாள் எங்கள் பிரிவை மூடி வைத்தார்கள். தற்காலிக வேலைக்கு இருந்த ஆறு பெண்களைக் கிறிஸ்துமஸுக்கு முன்னால் அனுப்பிவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி கர்ப்பிணி.

அதன் பிறகு சாப்பாட்டு அறையில் நோரீன் வந்து உட்கார்ந்தால் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போவார்கள். ஒரு நாள் அவள் அலமாரியைத் திறந்தபோது கம்பி ஒடிந்த குழந்தைக் குடை ஒன்று இருந்தது. அதில் கட்டியிருந்த சீட்டில், "இதையும் பார்த்துக் கையெழுத்துப் போடு" என்று எழுதியிருந்தது. நான் அதை எடுத்துக் குப்பையில் போடப் போனேன். "விடு. வெச்சவ எங்கயாவது நின்னு பாத்துட்டு இருப்பா" என்று சொல்லிவிட்டு அலமாரியை மூடினாள்.

ஜனவரியில் ஷிவான் அவளைக் கூப்பிட்டாள், துணைக்கு நானும் போனேன். வந்த ஒன்பதில் ஒரு குடையில் ஓரத்து ஒட்டு நிற்கவில்லை. நோரீன் எழுதிக் கொடுத்தபடியே, அதே இடத்தில்.

"அப்ப உங்க அண்ணனுக்குப் போனது நல்லது, நோரீன். நீங்க சந்தேகப்பட்டது பெட்டியிலயே இருந்திருக்கு. நீங்க சொல்லாம இருந்தா அது இன்னொருத்தருக்குப் போயிருக்கும்."

அவள் முகத்தில் ஒரு நிம்மதி வரும் என்று ஷிவான் எதிர்பார்த்திருக்கிறாள். நானும் எதிர்பார்த்தேன்.

"ஒண்ணைக் கண்டுபிடிச்சீங்க," என்றாள் நோரீன். "அன்னிக்கு என் கண்ணு ஒண்ணைத்தான் விட்டுச்சுன்னு யாரு சொன்னது? அதுக்கப்புறம் இருபது குடை பாத்தேன். கை வேலை செஞ்சுது, மனசு அந்த ஒண்ணுலயே இருந்துது."

அவளைப் பரிசோதனையிலிருந்து எடுத்து, அட்டைப் பெட்டி மடிக்கும் இடத்தில் போட்டார்கள். எட்டு மாதம் மடித்தாள். பிறகு வேலையை விட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்கே போய்விட்டாள்.

கோல்மனுக்குக் "கதவு" என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. பசித்தாலும் அதுதான், வலித்தாலும் அதுதான், ஆமாம் என்பதும் அதுதான். தொனியை வைத்து நோரீன் புரிந்துகொள்வாள். புரியாதபோது அவன் இடது கையால் மேசையை அறைவான். ஒரு தடவை அவள் கன்னத்திலும் அறைந்தான். அடித்துவிட்டு அழுதான். அவனைச் சம்மதிக்க வைத்தவள் அவள்தான் என்பது அவன் நினைவில் இருந்ததா இல்லையா என்று அவளுக்குக் கடைசி வரை தெரியவில்லை. கேட்டால் கிடைக்கும் பதில் என்ன என்று தெரியும்.

விழுங்குவது கஷ்டமாகிக்கொண்டே போனது. இரண்டாவது வருடம் பிப்ரவரியில் உணவு புரையேறி நுரையீரலில் சளி கட்டி இறந்தான். அவன் பஸ்ஸில் போய்ப் படித்தவர்கள், இப்போது தாடி வைத்தவர்களும் கைக்குழந்தையோடு வந்தவர்களுமாக, தேவாலய வாசலில் இரண்டு வரிசையாக நின்றார்கள். நோரீன் அவர்கள் நடுவே, யார் முகத்தையும் பார்க்காமல், சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்து போனாள்.

இப்போது அவள் லாக்ரே ஊரில் முதியோர் இல்லம் ஒன்றில் சமையல் செய்கிறாள். நான் மாதத்துக்கு ஒரு முறை போய்ப் பார்ப்பேன். போன முறை, கேட்கக் கூடாது என்று இத்தனை நாள் அடக்கி வைத்ததைக் கேட்டுவிட்டேன்: "திரும்ப அதே நிலைமை வந்தா, ஸ்டென்ட் வைக்க அவனை அனுப்புவியா?"

அவள் கேரட் தோல் சீவிக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தவில்லை.

"அனுப்புவேன். அந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு அவனைச் சும்மா விட்டிருக்க முடியுமா? அனுப்பத்தான் செய்வேன் இமெல்டா. எப்படி யோசிச்சாலும் அங்கதான் வந்து நிக்குது."

பிறகு எனக்கும் ஒரு கத்தியை எடுத்துக் கொடுத்தாள். நாற்பது பேருக்கு மதியச் சூப். பன்னிரண்டு மணிக்குள் ஆக வேண்டும்.